பதினெட்டு அடி ஒயர்

தனகோடியின் இடது கட்டைவிரலுக்கு தோல் தொழிற்சாலை முதலாளி நந்தகோபால் போட்ட விலை எழுபத்தைந்து ரூபாய். பதினெட்டு அடி தடித்த செம்பு ஒயருக்கு ஆம்பூர் பஜாரில் சொன்ன விலை எண்பத்தொன்று. ஆறு ரூபாய் மிச்சம் என்று அவர் விரலை எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் அது அபாண்டம். அவர் பேரம் பேசியது ஒயருக்குத்தான். விரல் கொசுறாகப் போனது.

அதிகாலை ஐந்து மணிக்கு ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் பச்சைத்தோல் கட்டுகள் இறங்கும். வின்ச் என்கிற இழுவை மெஷின் வருவதற்கு முன்னால் எட்டுப் பேர் அவற்றைத் தோளில் சுமந்து வண்டியில் ஏற்றுவார்கள். கட்டிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் முதுகில் இறங்கி, நேற்றைய சிராய்ப்பைத் தேடிப் பிடித்து எரியும். சூரியன் வருவதற்குள் எட்டு முதுகும் வெள்ளை பூத்துவிடும். நாய்கள் மட்டும் பாசத்தோடு பின்னால் வரும்.

அறுபத்து நாலாம் வருஷம் தை மாதம், சென்னையில் மிலிட்டரி பழைய சாமான் ஏலத்தில் முதலாளி ஒரு பிக்கப் வண்டியும், அதன் பின்னால் கோக்கிற ட்ரெய்லரும் எடுத்தார். ட்ரெய்லரின் மூக்கில் ஒரு எலக்ட்ரிக் வின்ச் இருந்தது. சாய்த்துப் போட்ட பலகைமேல் தோல் கட்டுகளை வைத்து இரும்புக் கயிற்றில் மாட்டினால், அது தானே சுருட்டி மேலே இழுத்துக்கொள்ளும். தொழிற்சாலையின் மோட்டாரும் பம்பும் பார்க்கிற ஜியாவுல்லாவிடம் ஒயரிங் வேலை வந்தது.

"ரெண்டு ஒயர் வேணும் முதலாளி. வண்டி பேட்டரியிலேர்ந்து வின்ச்சுக்குப் போறதுக்கு ஒண்ணு, திரும்பி வர்றதுக்கு ஒண்ணு."

"வண்டி லைட்டுக்கு எத்தனை ஒயர்?"

"ஒண்ணு."

"திரும்பி வர்றது?"

"வண்டி இரும்புலயே வந்துடும்."

"அப்ப ட்ரெய்லர் இன்னா, புளிய மரத்துல செஞ்சதா?"

ஜியாவுல்லா சிரித்தான். முதலாளி சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது சம்பளத்தில் சேர்ந்தது. "லைட்டு குடிக்கிறது ஒரு டம்ளர், முதலாளி. வின்ச் ஏரியே குடிக்கும். வண்டியையும் ட்ரெய்லரையும் சேக்கிறது நடுவுல அந்தக் கொண்டி ஒண்ணுதான். அது ஆடும். உப்பு பட்டா துருப் புடிக்கும். கரண்ட் வரும், போவும். அப்புறம் சுவிட்ச். கையை எடுத்தா தானா நிக்கிற அமுக்கு சுவிட்ச்சா போட்டா நல்லது."

"போற வழிக்கு ஒயர் நான் வாங்கித் தர்றேன். வர்ற வழி நீ பாத்துக்க. சுவிட்ச்சு நம்ம கொடவுன்ல கெடக்குதே, திருகுற குமிழு, அதைப் போடு. எல்லாத்தையும் நானே வாங்கறதுன்னா உன்ன எதுக்குப்பா வெச்சிருக்கேன்?"

"சரிங்க முதலாளி."

அந்த இரண்டு சொல்லில் எல்லாம் முடிந்தது. நாம் சொல்லிவிட்டோம் என்று ஜியாவுல்லா மனதைத் தேற்றிக்கொண்டான். சொன்னதற்குச் சாட்சி புளிய மரம்கூட இல்லை என்றுதான் நினைத்தான்.

எட்டுப் பேரில் ஐந்து பேர் வீட்டுக்குப் போனார்கள். தனகோடி உட்பட மிச்சம் மூவருக்கும் கட்டுக்கு நாலு பைசா குறைந்தது, இழுப்பது மெஷின்தானே என்று. குறைந்த கூலியை ஈடுகட்ட அவர்கள் வேகமாக ஓடினார்கள். சித்திரையிலேயே கொண்டியில் உப்பு பொறுக்கு கட்டியது. பாதி ஏற்றத்தில் வின்ச் நின்றுவிடும். அதற்கு ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார்கள். கொண்டியை ஓங்கி ஒரு உதை. ஓடும். குமிழைத் திருகி அணைத்து, உதைத்து, மறுபடி போட்டால் அதற்குள் ஒரு கட்டு போய்விடும். ஆகவே குமிழை யாரும் அணைப்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் எத்தனை உதைத்தும் ஓடவில்லை. ஷெட்டை ஏழு மணிக்குள் காலி செய்யவேண்டும். ஜியாவுல்லாவுக்கு ஆள் போனது. அவன் வந்ததும் வராததுமாகக் கொண்டிக்கு அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் உப்பைச் சுரண்டினான். மேலே, கட்டுகளுக்கு அந்தப் பக்கம், தனகோடி உருளையில் ஒரே ஓரமாகக் குவிந்துவிட்ட இரும்புக் கயிற்றைக் கையால் நகர்த்திக்கொண்டிருந்தான். கீழே இருந்தவனுக்கு அது தெரியாது. குமிழ் எப்படி இருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை.

நீலமாக ஒரு பொறி. வின்ச் உறுமியது. வேலை சரியாக முடிந்த சந்தோஷம் ஜியாவுல்லாவுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது.

நாலாம் நாள் தனகோடி கையில் கட்டோடு ஆபீசுக்கு வந்தான். அவன் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பரந்தாமன் வவுச்சரைப் படித்தார்: என் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது, ரூபாய் எழுபத்தைந்து பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியமும் இல்லை. படித்துவிட்டு மைப் பெட்டியைத் திறந்து தள்ளினார்.

"எடது கட்டைவிரல் வைப்பா."

இருபத்தெட்டு வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தனகோடி கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"அது உங்ககிட்டதானே சார் இருக்கு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. பரந்தாமன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வலது வைக்கட்டும்யா" என்றார் முதலாளி உள்ளேயிருந்து வந்து. "ஜியா, நீ சாட்சிக் கையெழுத்து போடு."

ஜியாவுல்லா பேனாவை வாங்கினான். வீட்டில் ஐந்து பேர் சாப்பிட உட்காருகிற நேரம் ஒன்று அவன் கண்முன் வந்து போனது. பேனாவை மேஜைமேல் வைத்தான்.

"கவனக்குறைவு அவனுது இல்லீங்க முதலாளி."

"ஓ. அப்ப யாருது? ஒயரிங் பண்ணது யாரு? அன்னிக்கு கீழ படுத்து சுரண்டனது யாரு? அதையும் எழுதச் சொல்லட்டா?"

முதலாளி சொன்னதெல்லாம் நிஜம். அதுதான் பேஜார்.

தோலில் உப்பு உதறுகிற சவுரியம்மாள் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். வெடித்த விரல்களைப் புடவையில் துடைத்தாள். "எழுதுங்க முதலாளி. அத்தோட திரும்பி வர்ற ஒயரு வேணும்னு பாய் கேட்டாரே, அதையும் எழுதுங்க. அன்னிக்கு நான் வாசல்ல உப்பு பெருக்கினு இருந்தேன். நீங்க புளியமரம்னீங்க."

"நீ உன் வேலையப் பாரு."

"அதான் பாக்குறேன். நாளைக்கு என் புள்ளைய அந்த வின்ச்சண்ட நிறுத்துவீங்க."

"கேட்டுக்கு வெளிய ஐம்பது பேரு வேலைக்கு நிக்கிறான்" என்றார் முதலாளி. குரல் உயரவில்லை. உண்மைக்கு உரத்த குரல் தேவையில்லை.

நின்றார்கள்தான். வின்ச் வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஐந்து பேரும் அவர்களில் இருந்தார்கள். சவுரியம்மாள் நேராகப் போய் அவர்களிடம்தான் முதலில் பேசினாள். என்ன பேசினாளோ, ஐவரும் உள்ளே வராமல் கேட்டண்டையே உட்கார்ந்தார்கள். மற்ற நாற்பத்தைந்து பேர் என்ன செய்வார்கள் என்று எவருக்கும் தெரியாது.

வவுச்சரை மேஜையிலேயே விட்டுவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியின் ஓரத்தில் ஜியாவுல்லா தாள் ஒன்றை முழங்காலில் வைத்து வேலூர் லேபர் ஆபீசருக்கு எழுதினான். திரும்புகிற ஒயர் போடவேண்டும். அமுக்கு சுவிட்ச் வேண்டும். போன விரலுக்குச் சட்டம் என்ன சொல்கிறதோ அது வேண்டும். அதுவரை வின்ச்சை ஒருவரும் தொடமாட்டோம். நடந்ததையும் எழுதினான்: கொண்டியைச் சுரண்டியவன் நான், குமிழைப் பார்க்காதவனும் நான்.

"இது எதுக்கு பாய்?" என்றான் தனகோடி.

"அவரு எழுதறதுக்கு முந்தி நானே எழுதிடறேன்."

தனகோடி நல்ல கையால் மைப் பெட்டியை நகர்த்தி அவன் முன்னால் வைத்தான். அது பரந்தாமனுடைய பெட்டி. எப்படி அங்கே வந்தது என்று அவர் எக்காலத்திலும் சொல்லப்போவதில்லை.

கையெழுத்துத் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களும் விரலே வைத்தார்கள். ஜியாவுல்லாவும் வைத்தான். தனகோடியின் முறை வந்தபோது ஒருவன் அவன் வலது கையைப் பிடித்தான்.

"வேணாம்" என்றான் தனகோடி. "என் எடம் காலியாவே இருக்கட்டும். பாக்குறவன் கேக்கட்டும்."

வேலூர் பஸ் மூன்று மணிக்கு. ஆபீசர் இருப்பாரா, இருந்தால் வாங்குவாரா, வாங்கினால் படிப்பாரா, எதுவும் தெரியாது. வாசலில் புதிய ஆட்களோடு முதலாளியின் டிரைவர் பேசிக்கொண்டிருந்தான். ட்ரெய்லரில் செவ்வாய்க்கிழமைத் தோல்கள் பாதி ஏற்றத்தில் நாறிக்கொண்டிருந்தன. ஜியாவுல்லா மை காயும்வரை தாளைப் பிடித்திருந்தான். மடிப்பதற்கு முன் ஒருமுறை எண்ணினான்.

ஆட்கள் முப்பத்தொன்று. ரேகை முப்பது. பாக்கி ஒன்று.