நீபோ பெட்டி

எங்கள் நீபோ கிராமத்தில் ரகசிய ஓட்டு என்று யாராவது சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்போம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஓட்டுப் பெட்டியில் மொத்தமே முப்பத்து நாலு ஓட்டு. எண்ணி முடித்ததும் எந்தப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்று கோர்ட் கட்டடத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிடுவார்கள். பெரிய பெட்டியில் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். எங்கள் பெட்டியில் தும்மினால்கூட யார் தும்மியது என்று தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற நான், வெர்லீன் ஸ்டோக்ஸ், சூப்பர்வைசர் தேர்தலில் நின்றேன். டாலாபி கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், சூப்பர்வைசர் என்றால் சும்மா இல்லை. கவுண்டியை ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதி. அந்தப் பகுதியில் எந்தப் பாதைக்கு ஜல்லி கொட்டுவது, எந்தப் பாலத்துக்குப் பலகை மாற்றுவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் பகுதியில் ஹோய்ட் ரேபர்ன்தான் ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டுகொண்டிருந்தார் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

நான் நின்றது ஒரே ஒரு பாலத்துக்காக. பிட்மன் ஓடைமேல் மரக்கால் வைத்துக் கட்டிய பழைய பாலம். அதைத் தாண்டித்தான் நீபோக்காரர்கள் டவுனுக்குப் போக வேண்டும். பிள்ளைகளை இறக்கிக் கையைப் பிடித்து நடத்தி அக்கரையில் விட்டு வந்து, காலிப் பேருந்தை நான் மட்டும் ஊர்ந்து ஓட்டிக்கொண்டு போவேன். வருஷக்கணக்காக அப்படித்தான். கீழே பலகை முனகும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். ஜூலை மாதத்தில் மற்றப் பெட்டிகளிலும் என் பேச்சு எடுபட ஆரம்பித்தது. எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

அப்போதுதான் கவுண்டி லாரி ஒன்று வந்து பாலத்தின் ஓரத்தில், புல்லில், மஞ்சள் தடுப்புக் கட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. நிறுத்தி வைக்கவில்லை. சும்மா படுக்கப் போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போதும் வரும்போதும் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம் ஹோய்ட் வண்டியை நிறுத்தி இறங்கினார். கையில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம். என்னிடம் நீட்டினார். நான் எடுக்கவில்லை.

"மிஸ் வெர்லீன், இந்த வெயில்ல நிக்கறீங்களே, உடம்பு என்னத்துக்கு ஆகறது?" என்றார். "தம்பி வீட்டுல எப்படி இருக்காங்க? திங்கள், புதன், வெள்ளி இல்ல?"

என் தம்பி ஆர்டெலின் மனைவி லூவீனியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டவுனுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர். அந்த நாட்கள் இந்த மனுஷன் நாக்கின் நுனியில் இருந்தன.

"இது எதுக்கு?" என்று கட்டைகளைக் காட்டிக் கேட்டேன்.

"பாலம் இடிஞ்சு விழப்போகுதுன்னு ஊர் ஊரா சொல்றது நீங்கதானே? என்ஜினீயரும் அதையேதான் எழுதியிருக்கான். மூடிடணுமாம். நான்தான் பாவம் பார்த்துத் திறந்து வச்சிருக்கேன்." கடலைத் தோலைத் துப்பினார். "மூடினா காட்டு வழியா சுத்திக்கிட்டுத்தான் போகணும். மழை வந்தா அந்த வழியும் முங்கிடும். கஷ்டம்தான்."

"நான் ஜெயிச்சா சரி பண்ணுவேன்."

"பண்ணுங்க, சந்தோஷம். நாற்காலி உங்களுக்கு ஜனவரியிலதான். அதுவரைக்கும் நான்தானே?"

அது உண்மை. ஆகஸ்டில் ஜெயித்தாலும் ஜனவரி வரை அந்தப் பாலம் அவர் கையில். டவுனுக்குப் போக வழி இல்லாவிட்டால் லூவீனியாவால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது. என் பேச்சையே எடுத்து என் கழுத்தில் வைத்துவிட்டார். அந்த நிமிஷம் அவரை ஓடையில் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

"என்ன வேணும் உங்களுக்கு? நான் விலகிக்கணுமா?"

"சேச்சே. பேர் அச்சாயிடுச்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீபோ பெட்டியில உங்களுக்கு முட்டை விழணும். அவ்வளவுதான். சொந்த ஜனமே போடலைன்னு மத்தவங்க பார்க்கட்டும். இனிமே எவனும் பாலம், பள்ளம்னு கிளம்ப மாட்டான்."

"என் ஓட்டு?"

"அதுவும்தான், மிஸ் வெர்லீன். முட்டைன்னா முட்டை. அது விழுந்தா இந்தக் கட்டைங்க மறுநாளே திரும்பிப் போயிடும். என் வாக்கு."

அவர் வாக்கு தவறாதவர். அதுதான் அவரிடம் எனக்கு எப்போதும் இருந்த பயம். கெட்டது செய்வேன் என்று சொன்னாலும் செய்துவிடுவார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன், எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று கேட்க. உலகத்தில் எந்த வேட்பாளரும் இப்படிப் பிரசாரம் செய்திருக்க மாட்டார்.

சர்ச் மூப்பர் பர்விஸ் நான் சொன்னதைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! நானே உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். ஹோய்ட் போன வாரம் என் பாதைக்கு ஜல்லி கொட்டிட்டாரு."

"ஒரு லோடா, ரெண்டு லோடா?"

"ரெண்டு" என்று தலையைச் சொறிந்தார்.

"நல்லா நடங்க மூப்பரே, கால்ல குத்தாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆமென் சொல்வதில் அவர் குரல்தான் பெரிது.

பக்கத்து வீட்டு ஓரா பெல் மட்டும் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "என் பேரப் பிள்ளைங்களக் கையைப் பிடிச்சு அந்தப் பாலத்துல நடத்திக் கூட்டிப் போனவ நீ. இப்ப உனக்குப் போடாதேன்னு நீயே வந்து நிக்கிறே. வெயில் மண்டையில ஏறிடுச்சா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாலம் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"லூவீனியாவுக்காகவா?"

"ஆமா. ஆர்டெல் காதுக்குப் போகக் கூடாது. துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு அந்த ஆளு வீட்டு வாசல்ல போய் நிப்பான்."

"சொல்ல மாட்டேன். ஆனா உன்னை மன்னிக்கவும் மாட்டேன்டி."

"மன்னிக்க வேண்டாம். அந்த ஆளு பேருக்குப் பக்கத்துல இருக்கிற வட்டத்தைக் கறுப்பாக்கு, போதும்."

எல்லா வீட்டிலும் அதே சத்தியத்தை வாங்கினேன். தம்பி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் வரவில்லை. தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை அவனே என் சமையலறைக்கு வந்து நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். ஆறடி ஆள், சிறுபிள்ளை மாதிரி அழுதான்.

"அக்கா, பாலத்துக்கிட்டக் கட்டையப் போட்டு வச்சிருக்கான் பார்த்தியா? எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா? இந்தத் தடவை உனக்குப் போட என்னால முடியாது. என்னைத் திட்டு. ரெண்டு அறை அறைஞ்சுடு."

எனக்கு நெஞ்சு பிளந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கடைசி ஓட்டும் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது.

"சரிடா, அழாதே. ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போவுது?" என்று அவன் தலையைத் தடவினேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் கோபத்துக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீபோ சர்ச் கூடத்தில் ஓட்டுப் போட்டேன். சீட்டில் என் பெயரை அச்சில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. பேனா அதற்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஹோய்ட் ரேபர்ன் பெயருக்குப் பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அந்தக் கறுப்பைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. வெளியே வந்ததும், ஓட்டுப் போட்டேன் என்று எழுதிய ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிவிட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் கோர்ட் கட்டடத்தில் ஜனம் கூடியது. விசிறிகள் சுற்றியும் வியர்வை நிற்கவில்லை. சின்னப் பெட்டிகள்தான் முதலில் வரும். கிளார்க் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டினாள்.

நீபோ. ரேபர்ன் முப்பத்து மூன்று. ஸ்டோக்ஸ் ஒன்று.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "பாவம், அந்த ஒண்ணும் அவளோடதுதான்." யார் என்று வரிசையாக முகங்களை நினைத்துப் பார்த்தேன். பர்விஸ் இல்லை. ஓரா பெல் வாக்கு மாறாதவள். ஹோய்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"கடைசி நேரத்துல கை வரலை போலிருக்கு" என்றார் மெதுவாக. "புரியுது. யாருக்கும் தன் பேர் மேல ஆசை இருக்கும்."

"அது நான் இல்லை. சத்தியமா நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

"அப்ப வேற யாரு? சொல்லுங்க."

அப்போதுதான் பார்த்தேன், கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆர்டெல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பந்தயத்தில் ஜெயித்துவிட்டு ஓடிவருகிற பையன் சிரிப்பு அது.

"நான்தான்" என்றேன். "என்னோடதுதான். என் மேல என்ன வேணா பண்ணுங்க. பாலத்தை விட்டுடுங்க."

"முட்டைன்னு சொன்னேன், மிஸ் வெர்லீன்." தொப்பியைத் தொட்டு எனக்கு மரியாதை செய்தார். திரும்பி, கதவருகே நின்ற தன் ஆட்கள் இருவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவர்கள் வெளியே போனார்கள்.

ஆர்டெல் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். காதில் கிசுகிசுத்தான். "முடியலைக்கா. அங்க போய் உன் பேரைப் பார்த்ததும் கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு. ரெண்டு வந்தா யாரோ ஒருத்தன் போட்டிருக்கான், எவன்னு தெரியாதுன்னு நினைச்சேன்." கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "ஆனா ஒண்ணுதானே போட்டிருக்கு. உன் ஓட்டு எங்கக்கா?"

அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உன் பெண்டாட்டிக்குப் போட்டேன்டா" என்றேன்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். புரிய அதிக நேரம் ஆகவில்லை. என் கையை உதறிவிட்டு, நாளைக்குப் புதன்கிழமை, நாளைக்குப் புதன்கிழமை என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினான். நான் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கவுண்டி லாரி பாலத்தை நோக்கி நீபோ சாலையில் திரும்பிவிட்டது.