சோபா வாங்கவில்லை

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவள் மெத்தை மேல் ஏறிப் படுத்தபோது கடை ஊழியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வருகிறவர்கள் உள்ளங்கையால் இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பார்கள்; மிஞ்சிப்போனால் விளிம்பில் உட்கார்ந்து விலை கேட்பார்கள். இவளோ வயிற்றின் மேல் கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடி மல்லாந்து கிடந்தாள். பிறகு ஒருக்களித்தாள். கால் மணி நேரம் போயிருக்கும்.

"அம்மா, இது கொஞ்சம் விலை ஜாஸ்தி. அந்தப் பக்கம் ஆஃபர்ல நிறைய இருக்கு."

"ஆஃபர்ல மூணு வாங்கிப் பார்த்தாச்சுப்பா. மூணும் ஒரே வருஷத்துல குழியாயிடுச்சு." எழுந்து மெத்தையின் ஒரு மூலையை ஒற்றைக் கையால் தூக்கி, எடை பார்ப்பதுபோல் சற்று நேரம் பிடித்திருந்தாள். "ஸ்பிரிங்கைத் தனித்தனியா துணியில கட்டியிருக்கா, இல்ல எல்லாம் சேர்த்துப் பின்னினதா?"

ஊழியர் மேலாளரைக் கூப்பிடப் போனார்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலில். அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற வேலை. ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. ஒவ்வொரு கட்டிலிலும் மெத்தையின் நாலு மூலையையும் தூக்கி விரிப்பைச் செருக வேண்டும். உள்ளே நல்ல சரக்கா, வெறும் பஞ்சடைப்பா என்று மூலையின் கனமே அவளுக்குச் சொல்லிவிடும். இருபது வருடத்தில் அவற்றில் ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து மாட்டினால் மெமோ. வீட்டிலோ நடுவில் பள்ளமான மெத்தை. காலையில் அவள் மூன்று தவணையாக எழுந்திருப்பாள்: முதலில் புரண்டு, அப்புறம் சுவரைப் பிடித்து, கடைசியாகப் பல்லைக் கடித்து. முதுகுத்தண்டு எலும்பு விலகியிருக்கிறது, நல்ல மெத்தையில் படுங்கள் என்று டாக்டர் சொன்னார், ஏதோ நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதுபோல.

இருபது வருடம் முடிந்ததற்காக ஹோட்டலில் ஒரு தொகை கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே வீட்டுப் பேச்சில் அது சோபாவாகிவிட்டது. மகள் தன்னோடு வேலை செய்கிற பையனை விரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அப்பா அம்மா முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார்கள். வேன் ஓட்டும் கணவர், காப்பி நிறம் என்பதுவரை முடிவுசெய்து, போனில் அவர்களிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டார். அவளும் தலையாட்டினாள். வியாழக்கிழமை சோபாவுக்குப் பணம் கட்டத்தான் கடைக்குப் போனாள். பழக்க தோஷம், குனிந்து சோபாவின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். மேலே வெல்வெட், அடியில் வெறும் அட்டை. அதில் அடித்திருந்த ஆணி விரலில் குத்தியது. நேராக மாடியேறி மெத்தைப் பிரிவுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டியிலிருந்து இரண்டு பேர் மெத்தையைத் தூக்கி வந்து படுக்கையறையில் போட்டுவிட்டுப் போனார்கள். கணவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோபா எங்கடி?"

"வாங்கலங்க."

"அப்ப இது?"

"எனக்கு."

அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. "மெத்தையை யாருடி பார்ப்பா? வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய்ப் படுத்துப் பாருங்கன்னு சொல்லப்போறியா?"

"பார்க்கறதுக்கு வாங்கல. அவங்க ஒரு மணி நேரம் உக்காருவாங்க, அதுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி தாங்கும். என் முதுகு தாங்காது."

"பொண்ணு வாழ்க்கையைவிட உன் முதுகு பெரிசாப் போச்சா?"

அது சுருக்கென்று தைத்தது. மகளைப் பார்த்தாள். மகள் போனிலிருந்து தலை நிமிரவில்லை. வேண்டாம்மா என்று மகள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே மெத்தையைத் திருப்பிக் கொடுத்திருப்பாளோ என்னவோ.

"அவ காலேஜ் படிச்சதே இந்த முதுகுலதாங்க" என்றாள்.

அன்று இரவு கணவர் ஹாலில் தரையில் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டார். போராட்டமாம். அவள் சமாதானப்படுத்தப் போகவில்லை. சனிக்கிழமை காலை பல் தேய்க்கக் குழாயடியில் நின்றபோதுதான், எழுந்தபோது சுவரைப் பிடிக்கவே இல்லை என்பது உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து நாலு நாற்காலி இரவல் வந்தது. பையனின் அம்மா உட்கார்ந்ததும் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சோபா இன்னும் வரலையா? அன்னிக்குப் போன்ல சொன்னாரே."

"அது வந்து, டெலிவரி கொஞ்சம் லேட்டு..." என்று கணவர் ஆரம்பித்தார்.

அவள் தேநீர்த் தட்டை நீட்டியபடி சொன்னாள்: "சோபா வாங்கலைங்க. அந்தப் பணத்துல எனக்கு ஒரு மெத்தை வாங்கிக்கிட்டேன். ஹோட்டல்ல மெத்தையைத் தூக்கித் தூக்கி முதுகு போயிடுச்சு."

"மெத்தையையா? நீங்க ஹோட்டல்ல சூப்பர்வைசர்னு..."

இது அவளுக்கே புதுச் செய்தி. கணவர் தரையைப் பார்த்தார். மகளும் தரையைப் பார்த்தாள். சரிதான், இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய்.

"இல்லைங்க. ரூம் கிளீன் பண்றேன். இருபது வருஷமா. எடுத்துக்குங்க, ஆறிடும்."

பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு டீ நன்றாக இருக்கிறது என்றார். அவன் அம்மா பாதி குடித்த கோப்பையைக் கீழே வைத்தார். பையன் யாரையும் பார்க்காமல் தன் தேநீரை முழுவதும் குடித்து முடித்தான். பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். கணவர் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றாள் மகள்.

"சொல்லியிருக்கலாம். அப்புறம் உன் கல்யாணத்துல, உன் பிரசவத்துல, அவங்க வர்றப்பல்லாம் நான் சூப்பர்வைசரா நடிக்கணும். என்னால முடியாது."

மகள் விறுவிறுவென்று உள்ளே போய், புது உடையோடு அந்த மெத்தையில் குப்புற விழுந்தாள். போன் அடித்தது. திரையில் அந்தப் பையனின் பெயர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பி மல்லாந்தாள். காலையில் மடிப்புக் கலையாமல் இழுத்துச் செருகிய விரிப்பு ஒரு மூலையில் கழன்று, அவள் இடுப்புக்கடியில் கசங்கிச் சுருண்டு ஏறியது.

கசங்கிய விரிப்பைக் கண்டால் தானாக நீளும் கைகள் அம்மாவுக்கு. அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கைகளைக் கட்டியபடி.