பஞ்சு அவருக்கு, ஊசி அவளுக்கு

ரொட்டிக்காரரின் கையில் சூடு பட்டால் வலி அவர் மனைவிக்கு வந்தது. கல்யாணமாகிப் பதினோராவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அது தொடங்கியது. வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு வலது உள்ளங்கை தீயாய் எரிந்தது. பார்த்தால் தோலில் ஒரு சிவப்புக்கூட இல்லை. அதே நேரம் இரண்டு தெரு தள்ளி அவள் கணவர் கொதிக்கும் தட்டை வெறுங்கையால் இழுத்து வைத்துவிட்டு, கருகும் வாடை எங்கிருந்து வருகிறதென்று அடுப்புக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் அவளை யாரும் நம்பவில்லை. உடம்பு வணங்காததற்குப் புதுசாய் ஒரு சாக்கு என்றார் மாமியார். கணவரின் விரல்கள் மெலிந்து மாவு பிசைய வராமல் போன பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். "தெரியுது" என்றார் ரொட்டிக்காரர். ஊசியால் குத்தினார். அவர் சும்மா இருந்தார். வெளியே பெஞ்சில் இருந்தவள் "ஐயோ" என்றாள். டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். கணவரைக் குத்திக்கொண்டே போய், அவள் கத்திய இடங்களையெல்லாம் அவர் உடம்பில் பேனாவால் குறித்தார். நாற்பத்து மூன்று குத்து. முடித்தபோது தோளிலும் கைகளிலும் சால்வை போர்த்தினாற்போல ஒரு வடிவம் வந்திருந்தது.

"தொட்டா தெரியுது, வலியும் சூடும் மட்டும் தெரியல. தண்டுவடத்துக்கு நடுவுல நீர் கோத்துக் குழி விழுந்திருக்கு" என்றார் டாக்டர். ஸ்கேனும் அதையே சொன்னது. ஆபரேஷன் செய்தால் மேற்கொண்டு பரவாது.

"எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே டாக்டர். எதுக்கு முதுகக் கிழிக்கணும்?" என்றார் ரொட்டிக்காரர்.

டாக்டர் அவளைப் பார்த்தார். "கையெழுத்து நோயாளிதாம்மா போடணும்."

அவள் கையுறை வாங்கிக் கொடுத்தாள். வேகம் குறைகிறதென்று அதை அடுப்பிலேயே போட்டார். சண்டை வந்த நாட்களில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை. கடைக்குப் போய்ச் சூடான தட்டில் முழங்கையைச் சாவகாசமாக ஊன்றிக்கொள்வார். நான்கு வருஷத்தில் சால்வை மார்பு வரை இறங்கியது. அவருக்கு மூன்று விரல் நுனிகள் போயின. மாவு பிசைய ஒரு பையனை வைத்துக்கொண்டு அடுப்பை மட்டும் அவரே பார்த்தார்; ரொட்டி முன்னைவிட நன்றாக இருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். அவள் அலறினால் ரொட்டி வெந்துவிட்டதென்று அர்த்தம். தெருவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்.

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இன்னும் சத்தத்தையே காணோம்? பிள்ளைங்க பசிக்குதுங்கறாங்க."

"இப்பத்தான் அடுப்புப் பக்கம் போயிருக்காரு, கை கதகதன்னு வருது. கால் மணி நேரம் ஆகும். நீ போ, கத்துறேன்" என்றாள் அவள்.