ஹபீஸ் நானாவின் சிவப்பு

ஹமீமா அக்கா வெள்ளவத்தையில் இருக்கும் என் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தாலே மிளகாய் மூட்டைகளும் நிமிர்ந்து உட்காரும். அப்படிப் பேரம் பேசுகிறவர் அன்று வாயே திறக்காமல் ஒரு சில்வர் கோப்பையை மேசையில் வைத்தார்.

கோப்பைக்குள் காய்ச்சி ஊற்றிய கடற்பாசி ஜெல்லியாக இறுகியிருந்தது. குளத்துத் தண்ணீரின் நிறம்.

"கற்பிட்டிச் சிவப்புப் பாசி கேட்டேன். நீங்களும் நல்ல சிவப்பாத்தான் தந்தீங்க. அடுப்புல வெச்சா இப்பிடி நிறம் மாறி ஈக்கி."

அவருடைய கணவர் ஹபீஸ் நானா மௌத்தாகி, அவர் இல்லாமல் வருகிற முதல் நோன்பு. வேறெதற்கும் குசினிக்குள் கால் வைக்காத நானா, நோன்பின் முதல் நாளான தலைநோன்பன்று மட்டும் கடற்பாசி காய்ச்சுவார். வெயிலில் வெளுத்த பாசியைத் தொடமாட்டார். சிவப்பாக வாங்கி, சிவப்பாகவே ஊற்றிவைப்பார். இன்று பின்னேரம் நோன்பு திறக்க மகள்மார் வருகிறார்கள். வாப்பாவின் சிவப்பு இல்லாத தட்டை அவர்கள் முன்னால் எப்படி வைப்பது?

கம்பஸில் தாவரவியல் படிக்கும் என் மகள் உஷாந்தி கோப்பையை எட்டிப் பார்த்தாள்.

"பாசியில பிழை இல்லை, அன்ரி. உள்ளுக்குப் பச்சையமும் இருக்கு. தண்ணிக்குக் கீழ வாற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கத்தான் அந்தச் சிவப்பு. கொதிச்சா முதல்ல போறதும் அதுதான். எந்தப் பாசியைக் காய்ச்சினாலும் சிவப்பா வராது."

"அப்ப எங்கட மனிசன் இவ்வளவு காலமும் காய்ச்சினது?"

என் கண்தான் காட்டிக்கொடுத்தது. சிவப்பு ரோஸ் சர்பத் போத்தல்கள் இருந்த தட்டுக்குப் போய்விட்டது. நோன்பு தொடங்க முந்தின நாள் நானா அதில் ஒன்று வாங்குவார். விருந்தாளிகளுக்கென்று நினைத்திருந்தேன்.

அக்காவும் அந்தப் பக்கம் பார்த்தார். "பேப்பர்ல சுத்தித்தானே வாங்கினார்?"

"ஓம் அக்கா."

"என்னைக் குசினிக்குள்ள விடமாட்டார். பொம்புளைட நிழல் விழுந்தா கலர் போகுமாம்." முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தார். பாதியில் தோள் குலுங்கியது. "கள்ளன். மீன்காரனையே அழவைக்கிற என்னை ஏமாத்திட்டுப் போயிட்டார்."

உஷாந்தி தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். அக்காவுக்கு நோன்பு என்ற நினைவு வந்து நின்றாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு போத்தல் தாங்க. நல்லாச் சுத்துங்க, சின்னவள் நப்லா பைக்குள்ள கை போடுவாள்."

"மகள்மார் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?" என்றாள் உஷாந்தி.

"வாப்பா சொன்னதுதான். கடல்ட கலர்."

காய்ச்ச இன்னொரு பை பாசியும் வேண்டும் என்றார். எப்படியும் நிறம் போகத்தானே போகிறது என்று வெள்ளைப் பாசியை எடுத்துக் கொடுத்தேன்.

அதைத் தள்ளிவைத்தார்.

"அவர் வாங்கினது சிவப்பு."