முகம் சுளிக்காத குடும்பம்

அன்றைக்கு நரம்பு டாக்டரின் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். சோப்புக் கம்பெனியில் தலைமை மோப்பக்காரராக இருந்த பெரியவர், அவருடைய மனைவி, அதே கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் தம்பி, காரை ஓட்டி வந்த மாப்பிள்ளை, டாக்டரம்மா, நர்ஸ். தானும் உள்ளேதான் இருந்தேன் என்று சொல்லித் திரிகிற ஏழாவது ஆளை நம்ப வேண்டாம். அவர் வெளியே பெஞ்சில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தவர்.

மோப்பக்காரர் என்றதும் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. கம்பெனி வியர்வை வாடையை அடக்கும் ஸ்பிரே தயாரிக்கிறது. ஒவ்வொரு புது ஸ்பிரேயும் கடைக்குப் போகுமுன், கூலிக்கு வந்தவர்கள் அதை அடித்துக்கொண்டு, மாடிப்படி ஏறி இறங்கி, சட்டையில்லாமல் வெள்ளை அறையில் கையைத் தூக்கியபடி வரிசையாக நிற்பார்கள். பெரியவர் ஒவ்வொரு அக்குளுக்கும் அரைச் சாண் தூரத்தில் மூக்கைக் கொண்டுபோய், ஒரு மூச்சு இழுத்து, பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழக்கூடாது. எதிரே நிற்பவரும் மானமுள்ள மனிதர்தானே.

தொழிலின் அந்தச் சட்டம் நாளடைவில் வீட்டுச் சட்டமாகவும் ஆகிவிட்டது. அதே வேலை பார்த்த பெரியவரின் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் எதற்கும் முகம் சுளித்ததில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோதும் எல்லாரும் புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து காபி குடித்தார்கள். மருமகளாக வந்தவளுக்கும் அதே விதிதான். மாப்பிள்ளைக்கு மட்டும் விலக்கு. அவர் பெயின்ட் கடைக்காரர், பழக்கமில்லாதவர்.

அப்பேர்ப்பட்ட பரம்பரை மூக்குக்குத்தான் ஒரு வருஷமாக ஒன்றும் எட்டவில்லை.

அது தெரியவந்ததும் வெள்ளை அறையில்தான். முதல் ஆளிடம் வாடையே இல்லை, பூஜ்யம் என்றார். இரண்டாம் ஆளும் பூஜ்யம். ஸ்பிரே பிரமாதம் என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் ஆளிடம் போனார். அவர் ஸ்பிரேயே அடிக்காதவர்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நிறுத்தி வைத்தவர்; மூட்டை தூக்குகிறவர். அங்கேயும் ஒன்றுமில்லை. பெரியவர் இன்னொரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆள் காது சிவந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, 'சீக்கிரம் முடியுங்கள் ஐயா' என்பதுபோல நின்றிருந்தார். "ஒன்பது," என்றார் பெரியவர். அடுத்து மோந்து சரிபார்த்த தம்பியும் அதையே சொன்னார்.

அன்றிலிருந்து அவர் மூக்கை நீட்டிக்கொண்டு கண்ணால் மோந்தார். வெட்கப்பட்டு நிற்பவருக்கு எட்டு, பல்லைக் காட்டி நிற்பவருக்கு இரண்டு. அந்த வருஷம் அவர் சொன்ன எண்கள் முன்னெப்போதையும்விடத் துல்லியமாக இருந்தன என்று கம்பெனி ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. தம்பி அதைக் கூடத்தில் மாட்டிவிட்டு, "நம்ம வம்சத்து மூக்கை நாலு பேரு பாக்கட்டும்ணே," என்றார்.

மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒருநாள் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமே கருகி, வீடு முழுக்கப் புகை. பெரியவர் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிவந்ததைப் பார்த்து, தலை தூக்காமல், "என்ன சமையல் இன்னைக்கு? மணக்குதே," என்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "ரசம்," என்றாள்.  முகம் சுளிக்கவில்லை.

பிறகு அவர் கையிலிருந்து பொருள்கள் நழுவத் தொடங்கின. முதலில் சாவி, அப்புறம் தம்ளர். சட்டைப் பொத்தானைப் போட இரண்டு கையும் போதவில்லை. அதன்பிறகுதான் மனைவி அவரை வம்படியாக நரம்பு டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா கையைத் தட்டிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஒரு அபூர்வமான நரம்பு நோய் இருக்கு. லட்சத்துல ஒருத்தருக்கு வரும். முதல்ல வாசனை போகும், அப்புறம் கை, அப்புறம் விழுங்க முடியாது. ஆரம்பத்துலயே பிடிச்சிட்டா மாத்திரை கொடுத்து அப்படியே நிறுத்திடலாம். வாசனை தெரியுதான்னு பார்த்திடுவோம். கண்ணை மூடிக்கங்க ஐயா."

பெரியவர் கண்ணை மூடினார். ஆனால் இமைகளுக்கு நடுவே ஒரு நூல் அளவு விட்டுவைத்தார். டாக்டரம்மா ஒவ்வொரு பழுப்புக் குப்பியையும் திறந்து, சரியானதுதானா என்று தானும் ஒருமுறை மோந்துவிட்டு நீட்டினார். பாவம், அவருக்கு முகத்தை அடக்கத் தெரியாது. எச்சில் விழுங்கினார்: எலுமிச்சை. மூக்கைச் சுருக்கினார்: மண்ணெண்ணெய். கொட்டாவி விடுவதை நிறுத்தினார்: காபி. பெரியவர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அடேங்கப்பா! என் மூக்கைவிட நல்லா இருக்கே. அந்த நோய் இல்லை. கையிலேருந்து சாமான் நழுவுறது வயசுக்கோளாறுதான். போய்ட்டு வாங்க."

தெருவுக்கு வந்ததும் மனைவி நின்றாள். "என்னங்க, உள்ள போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"எந்த உண்மையை?"

"கை போயிடும்ங்க."

"கை போனா கை. மூக்கு போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

அவள் வீட்டுக்கு வந்து ஒரு வாத்து முட்டையைத் தகர டப்பாவில் போட்டு மூடி மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொரு காலையும் அவளே போட்டுவிட்டாள். அடுத்த மாதம், "இன்னொரு தரம் காட்டிட்டு வந்துடலாம்," என்றாள். அண்ணனின் மூக்கைப் பற்றி ஏதோ பேச்சு நடக்கிறது என்று அறிந்த தம்பி, காவலுக்குக் கூடவே கிளம்பினார். அண்ணன் மூக்குக்கு ஒன்று என்றால் அடுத்த நாள் தன் மூக்கையும் சந்தேகப்படுவார்கள் என்பது அவர் கவலை.

இப்படித்தான் ஆறு பேரும் அந்த அறையில் கூடினார்கள். தம்பியும் மாப்பிள்ளையும் பின்னால் சுவரோரம். மனைவி மேசையின் பக்கவாட்டில், மடியில் துணிப்பையோடு. நர்ஸ் வாசலருகே. டாக்டரம்மாவுக்கு அன்று லேசான சளி. மூக்கையும் வாயையும் மாஸ்க் மறைத்திருந்தது. இன்றைக்கு அவர் மூக்கைச் சுருக்கினாலும் பெரியவருக்குத் தெரியாது. ஆனாலும் கண் தெரிகிறதே, அது போதும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா முதல் குப்பியைத் திறந்தார். அதே நேரம் பைக்குள் மனைவியின் கட்டைவிரல் முட்டையை அழுத்தியது.

பெரியவர் இமையிடுக்கில் டாக்டரம்மாவின் கண்களை உற்றுப் பார்த்தார். கண்கள் விரிந்தன, சிவந்தன, பிறகு பொலபொலவென்று நீர் கொட்டியது. பெரியவருக்கு நிம்மதி.

"வெங்காயம்," என்றார். "நறுக்கிக் கொஞ்ச நேரம் ஆயிருக்கு."

குப்பியில் இருந்தது கிராம்பு. ஆனால் அதைச் சொல்ல டாக்டரம்மா அங்கே இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர் ஓட, நர்ஸ் அவருக்கு முன்னால் ஓடினாள். மாப்பிள்ளை, "ஐயோ மாமா, யாரோ செத்துட்டாங்க!" என்று அலறிக்கொண்டு சன்னல் வழியே தோட்டத்தில் குதித்தார். தம்பி மட்டும் எழவில்லை. முகம் கல். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். கடைசியில், "காத்து வாங்கிட்டு வரேன்ணே," என்று அளந்து வைத்த அடியோடு வெளியே போனார். நடந்துதான் போனார்.

அறையில் புருஷனும் பெண்டாட்டியும்தான் மிச்சம்.

"என்ன ஆச்சு எல்லாருக்கும்? தீ கீ பிடிச்சிருச்சா?"

அவள் பையை மேசைமேல் வைத்துத் திறந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். பச்சையும் கறுப்புமாக இருந்தது.

"எப்ப உடைச்ச?"

"குப்பியைத் திறந்தப்பவே."

"நீ எப்படி உட்கார்ந்திருக்க?"

"உங்க வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் ஆச்சு," என்றாள் அவள். "சுளிக்கக் கூடாதுன்னு நீங்கதானே பழக்குனீங்க."

கதவுக்கு வெளியிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "ஐயா! இந்த நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?"

பெரியவர் வாயைத் திறக்குமுன் தம்பியின் குரல் முந்திக்கொண்டது. "எங்க அண்ணனுக்கா தெரியாது! எல்லாம் தெரிஞ்சுதான் உட்கார்ந்திருக்கார். எங்க குடும்பத்துல எதுக்கும் முகம் சுளிக்க மாட்டோம் டாக்டர். அது எங்க பழக்கம்!"

நல்ல பதில். மறுத்துப் பேச முடியாத பதில். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூக்கு, கடிகாரம், வம்சம் எல்லாம் அப்படியே நிற்கும். பெரியவர் 'ஆ' என்று வாயெடுத்தார். பேச்சோடு பேச்சாகப் பையை மூடப் போனார். பையின் கயிறு விரலில் நிற்கவில்லை. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது.

மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷமாக எத்தனையோ முகங்களை மோந்தவர். அந்த முகம் அப்போது சுளித்தது. உதடு கோணி, நெற்றி சுருங்கி, மூக்கு விடைத்து, முப்பது வருஷத்துச் சுளிப்பும் ஒன்றாக வந்ததுபோல இருந்தது. அது முட்டைக்காக அல்ல என்று கண்டுபிடிக்க அவருக்கு மூக்கு தேவைப்படவில்லை.

"டாக்டர்!" என்று கூப்பிட்டார். "தம்பி சொல்றது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியலை. ஒரு வருஷமாவே தெரியலை. போன தடவை உங்க முகத்தைப் பாத்துதான் சொன்னேன்."

வெளியே டாக்டரம்மா இரண்டு தரம் தும்மினார். பிறகு, "சன்னலைத் திறந்து வைங்க, வரேன்," என்றார் டாக்டரம்மா.

"மாப்பிள்ளை திறந்துட்டார்," என்றாள் மனைவி.

மாத்திரை அன்றே தொடங்கியது. கை அதற்குமேல் மோசமாகவில்லை. மேல் பொத்தானை மட்டும் இன்னமும் மனைவிதான் போட்டுவிடுகிறாள். கம்பெனி அவரைத் தலைமைப் பதவியிலிருந்து விலக்கித் தம்பியை உட்கார வைத்தது. கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் வீட்டில் கொடுத்திருக்க மாட்டார்கள். எண்கள் சரியாகத்தானே இருந்தன.

இந்த விஷயம் ஊரில் கண் காது வைத்துப் பரவியிருக்கிறது. நாற்றம் தாங்காமல் பெரியவர் மாஸ்க்கைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு டாக்டர் அறையிலிருந்து ஓடினார் என்று சொல்கிறார்கள். அது தவறு. மாஸ்க் போட்டிருந்தவரும் ஓடியவரும் டாக்டரம்மா. பெரியவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.