படிவத்தில் இல்லாத கட்டம்

அம்மா ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் போட்டாள்.

“படிச்சுச் சொல்லு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள கையெழுத்து வேணுமாம்.”

ஆங்கிலத்தில் எட்டு வரி. எங்கள் வீட்டுக்குள் ஆங்கிலம் எந்த வழியாக நுழைந்தாலும் என் மடிக்குத்தான் வரும். கரண்டு நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்து அட்டை. இந்த வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. கடைசிப் பட்டமும் இப்போதைக்கு அதுதான்.

ஆறாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. லேப்டாப் மூடியின் கீலைப் பிடித்திருக்கும் திருகுகளை ஊழியர் அளவுக்கு மீறி முடுக்கியதால் உறையில் விரிசல் விட்டிருக்கிறது என்று இருந்தது.

அந்த வரியை எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் எழுதியது. ஒரு கமாகூட மாறவில்லை.

“என்னடி போட்டிருக்கு? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?”

“நீ திருகை ரொம்ப டைட் பண்ணிட்டியாம். அதனால லேப்டாப் உடைஞ்சு திரும்பி வருதாம். ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமாம்.”

“போட்டா?”

“கம்பெனி இஷ்டப்படி நடவடிக்கை எடுக்கலாம்னு கடைசி வரி.”

“எச்சரிக்கையோட விட்டுடுவாங்கன்னு சூப்பர்வைசர் சொன்னானே.”

“அப்படி எதுவும் இதுல இல்லம்மா.”

நான் வேலை பார்ப்பது ஒரு லேப்டாப் கம்பெனியின் சோதனை அறையில். பழுதாகித் திரும்பி வரும் மெஷின்களைப் பிரித்து, எது யாரால் கெட்டது என்று படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் நான்கு கட்டங்கள்: வாங்கிய பாகம், அசெம்பிளி, பயன்படுத்தியவர், தெரியவில்லை. முதல் நாளே எங்கள் தலைமை அதிகாரி சொல்லிவிட்டார். “நாலாவது கட்டத்துல டிக் அடிக்கிறதுக்கு எனக்கு இன்ஜினியர் வேண்டாம், வாட்ச்மேன் போதும்.” எதை எடுத்தாலும் பாஸுக்குப் பச்சை, ஃபெயிலுக்குச் சிவப்பு என்று ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே பேசுவதால் அவருக்கு அறையில் ஸ்டிக்கர் என்றுதான் பெயர்.

எங்கள் கம்பெனி லேப்டாப் என்று பெயர்தான். திரை ஒருத்தனிடம், பிராசஸர் இன்னொருத்தனிடம், மெமரி, பேட்டரி, விசிறி, கீபோர்டு எல்லாம் ஆளுக்கொருத்தனிடம் வாங்குவது. மதர்போர்டை வரைவதும், எல்லாவற்றையும் பூட்டி மெஷினாக்குவதும் அம்மா வேலை செய்யும் தொழிற்சாலையே. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, தொழிலே பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. எங்கள் ஆட்களே உட்கார்ந்து வரைவது வெளி உறையை. கீல் வந்து உட்காரும் இடத்தையும் சேர்த்து. அப்புறம் மூடிமேல் பளபளக்கும் பெயரை.

பன்னிரண்டு மெஷின் கீல் பெயர்ந்து வந்தன. திருகைச் சுற்றி விரிசல். பாகம் நன்றாக இருந்தது. பயன்படுத்தியவர் கீழே போட்ட அடையாளம் இல்லை. மிச்சமிருந்தது அசெம்பிளி. பன்னிரண்டிலும் டிக் அடித்தேன், காரணமும் எழுதினேன். சரியாகத்தான் எழுதுகிறேன் என்று நம்பினேன். அம்மா கீபோர்டு ஒட்டும் மேஜையில் இருக்கிறாள் என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

“கீல் மேஜைக்கு எப்பம்மா மாத்தினாங்க?”

“ஆறு மாசம் ஆச்சு. நீ எங்க கேட்ட?” அம்மா சுவரில் சாய்ந்தாள். “ஆனா இது பொய்டி. நான் நெனச்சாலும் டைட் பண்ண முடியாது. அது கரண்டு ஸ்க்ரூடிரைவர். அளவு வந்ததும் தானா நின்னுடும். அந்த அளவையும் நாங்க தொட முடியாது, பூட்டு போட்டிருக்கு, சாவி சூப்பர்வைசர்கிட்ட.”

நான்கு வருடம் படித்தேன். திருகுவிசை பற்றி ஒரு தாள் முழுக்கப் பரீட்சை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்த மேஜையில் கருவி தானாக நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தத் தொழிற்சாலைக்குள் போனதே இல்லை.

“இன்னொண்ணு சொல்றேன், வெளிய சொல்லிடாத,” என்று அம்மா குரலை இறக்கினாள். “சொன்னா வேலை போயிடும், எழுதி வாங்கியிருக்காங்க. அதே மேஜையில இன்னொரு கம்பெனி மெஷினும் வருது. அதே கீல், அதே திருகு, அதே கை. அது கம்முனு உட்காருது. உங்க மெஷின் மட்டும் கடைசிச் சுத்துல முனகும். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். உன் காதுக்கு வயசாச்சு, டாக்டர்கிட்ட காட்டுன்னான்.”

“எத்தனை பேருக்கு இந்தத் தாள்?”

“கீல் மேஜை ரெண்டு ஷிப்டும் சேத்து இருபத்திரெண்டு பேர். ஒருத்திக்கும் படிக்க வரல. உன் மகதான் படிச்சவளாச்சே, கேட்டுச் சொல்லுன்னு என்னை அனுப்பியிருக்காளுங்க.”

எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் நாள் முழுக்க நின்ற வெடிப்பு.

“கையெழுத்துப் போடாத. காலையில நான் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் எட்டு மணிக்குச் சோதனை அறையில் இருந்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்ற கம்பெனி மெஷின்களையும் கடையில் வாங்கிப் பிரித்து அலமாரியில் வைத்திருப்போம். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். மூன்றாவதில் அதே கீல் இருந்தது, அதே தயாரிப்பாளரின் முத்திரையோடு. அம்மா பெயர் வராமலே ஆதாரம் என் கையில் வந்துவிட்டது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். அவர்கள் உறையில் திருகு இறங்கும் பித்தளை நட்டைச் சுற்றி ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக், அதைத் தாங்கச் சுற்றிலும் ஆறு சின்னச் சுவர். எங்களுடையதில் முக்கால் மில்லிமீட்டர். சுவர் ஒன்றுகூட இல்லை.

எட்டரைக்கு ஸ்டிக்கர் வந்தார். இரண்டு உறைகளையும் அவர் மேஜையில் வைத்தேன்.

“சார், நான் எழுதினது தப்பு. ஓவரா டைட் பண்ணவே முடியாது, அது தானா நிக்கிற கருவி. நம்ம உறைதான் தாங்கல.”

“கருவி தானா நிக்கும்னு உனக்கு யாரு சொன்னது?”

அம்மா பெயரைச் சொல்லாமல் எங்கள் உறையை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் எங்கள் உறையை விரலால் தடவினார். “தெரியும்மா. ரெண்டு மில்லி மெலிசுன்னு விளம்பரம் போட்டோமே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்ச?”

“தெரிஞ்சா ஏன் சார் படிவத்துல நம்ம டிசைனுக்குக் கட்டம் இல்ல?”

“கட்டம் போட்டா அதுல டிக் விழும். டிக் விழுந்தா மேல ஒருத்தன் கழுத்து போகும். அவன் என் கழுத்தப் புடிப்பான். நான் உன்னைப் புடிப்பேன். எதுக்கு இந்த ரயில் விளையாட்டு?”

“இருபத்திரெண்டு பேர் வேலை போகுது சார்.”

“அது தொழிற்சாலைக்காரன் பாடு. அவனுக்கும் இது தெரியும், முதல் சாம்பிள்லயே சொன்னான். அடுத்த வருஷ ஆர்டர் வேணும்னு வாயப் பொத்திக்கிட்டான். நீ மட்டும் என்ன புதுசா? ஆறு மாசம் ஓட்டு, வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் கோபப்படு.”

“இந்தப் பன்னெண்டு மெஷின்லயும் வாங்கின சாமான் ஒண்ணும் உடையல சார். நாம சொந்தமா செஞ்சது இது ஒண்ணுதான். உடைஞ்சதும் இது ஒண்ணுதான்.”

சிரித்துவிட்டு ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து மேஜையில் ஒட்டினார். “நல்ல வசனம். போய் வேலையப் பாரு.”

மணி ஒன்பது. அம்மாவுக்குப் போன் செய்ய முடியாது, வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டு உறைகளையும் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் திணித்தேன். சோதனைப் பொருளை வெளியே கொண்டுபோனால் அன்றே வேலை இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை நான் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒன்பது ஐம்பதுக்குத் தொழிற்சாலை வாசல். கேட்டை ஒட்டிய ஜன்னல் முன்னால் நீலச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கொரு தாளோடு. ஜன்னலுக்குள் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. அம்மா ஆறாவதாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அதுதான் தாங்க முடியவில்லை.

“எம்மக வந்துட்டா,” என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

“அம்மா, இத எழுதினது நான்தான்.”

“எத?”

“டைட் பண்ணீங்கன்னு. உடைஞ்சு வந்ததப் பிரிச்சுப் பாத்து, காரணம்னு நான் எழுதினேன். உன் கைன்னு தெரியாது. தப்பா எழுதிட்டேன்.”

வரிசை அப்படியே திரும்பிப் பார்த்தது. அம்மா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“படிச்சவங்க எழுதினது, மறுக்க முடியாதுன்னு சூப்பர்வைசர் சொன்னான்,” என்றாள் மெதுவாக. “அது நீதானாடி?”

பின்னால் ஒருத்தி, “நல்லாப் படிக்க வச்ச போ அக்கா” என்றாள்.

அம்மா கையிலிருந்த தாளை வாங்கி, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்கு மேல் எழுதினேன். ‘மேலே உள்ள காரணத்தை எழுதியவள் நான். அது தவறு. திருகு சரியான அளவில்தான் முடுக்கப்பட்டது. அந்த இடத்தில் உறை முக்கால் மில்லிமீட்டர் மட்டுமே இருப்பதால் உடைகிறது. நானே அளந்தேன்.’ கீழே கையெழுத்து, எங்கள் கம்பெனியில் என் ஊழியர் எண். உறைகள் இரண்டையும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படித்தார். “இதுக்கு மதிப்பு உண்டான்னு எனக்குத் தெரியாதும்மா. மேல அனுப்புவேன். உங்க கம்பெனியில உன்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“அனுப்புங்க.”

அம்மா என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. தனக்குப் பின்னால் நின்றவளின் தாளை அவள் கையிலிருந்து உருவி என்னிடம் நீட்டினாள்.

“இதுலயும் எழுது.”

பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. ஸ்டிக்கராகத்தான் இருக்கும். நான் அந்தத் தாளை ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அடுத்த தாள் வந்தது. பத்து மணிச் சங்கு ஊதியபோது ஏழு தாள்தான் முடிந்திருந்தது. குமாஸ்தா ஜன்னல் கதவில் கை வைத்தார். அம்மா குறுக்கே கையை நீட்டி அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“வேகமா எழுதுடி,” என்றாள்.