நாற்பது வண்டி வண்டல்

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பதியவில்லை. நேற்றுச் சாயங்காலம் வரை நகம் இறங்கிய மண், விடிந்து பார்த்தால் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் போட்டது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி ஒரு சில்லைக் கிளப்பினேன். அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு முளை, மேலே வர வழியில்லாமல் இரண்டாக மடங்கிப் படுத்திருந்தது. நாலு அடி தள்ளி இன்னொரு இடத்திலும் கிளப்பினேன். அங்கேயும் அப்படித்தான்.

புழுதியில் விதைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பெய்தால் நன்றாகப் பெய்ய வேண்டும், இல்லையென்றால் பெய்யாமலே இருக்க வேண்டும். அறுபத்தெட்டாம் வருஷம் இரண்டும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அரைமணி நேரம் அடித்தது. விதையை எழுப்பி உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டது. அப்புறம் நாலு நாளாக மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே இருப்பது வீட்டில் மிச்சமிருந்த வாடன் சம்பா விதைநெல் முழுவதும். மறுபடி விதைக்க ஒரு படிகூடக் கிடையாது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, செய்தது நான்தான். இரண்டு வருஷமாக மழையில்லாமல் ஏரி காய்ந்து கிடந்ததில் அடியில் இருந்த வண்டல் வெளியே தெரிந்தது. பக்கத்து நிலத்து முனிசாமி உரமாகப் பத்து வண்டி அடித்துவிட்டுப் போதும் என்று நிறுத்தினார். நான் நாற்பது வண்டி அடித்தேன். உத்திரமேரூரில் வாத்தியார் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து, ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "மாவாட்டம் இருக்குதே" என்று மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாவுதான் அரைமணி மழையில் குழைந்து, வெயிலில் இறுகி, விதைக்கு மேல் மூடி போட்டுவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் முனிசாமியின் மணல் கலந்த நிலத்தில் ஊசி ஊசியாகப் பச்சை. அதே மழை, அதே வெயில்.

முனிசாமி பல் துலக்கிக்கொண்டே வந்து காலால் ஒரு தட்டு தட்டினார்.

"பலுகு ஓட்டணும்மா. லேசா மேல கீறிவுட்டா போதும், முட்டிக்கினு வந்துரும். ஒம்பது மணிக்குள்ள ஓட்டணும். வெயில் ஏறிச்சின்னா பலுகுப் பல்லு ஒடையும், மண்ணு ஒடையாது."

"இன்னிக்கு சதுர்த்தசி அண்ணா."

அவர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். திருப்பருத்திக்குன்றத்தில் எல்லாருக்கும் எங்கள் சமணர் வீட்டு வழக்கம் தெரியும். அஷ்டமி, சதுர்த்தசியில் என் மாமனார் மாட்டைப் பூட்ட மாட்டார், மண்ணைக் கிளற விடமாட்டார். மழை விட்ட ஈரத்துக்கு மண்ணுக்குள் எத்தனையோ உயிர் மேலே வந்திருக்கும் என்பார். அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

தண்ணீர் தெளித்து இளக்கலாமென்றால் கிணறு உப்பாகிவிட்டது. பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர்கள் முன்பெல்லாம் வண்டி கட்டி வந்து எடுத்துப்போன தண்ணீர். பட்டில் நிறம் நிற்கவில்லை என்று அவர்களே விட்டுவிட்டார்கள். அதை முளைமேல் ஊற்றினால் இன்றைக்கே கருகிவிடும்.

"எங்க மாட்டுக்கு சதுர்த்தசி கெடையாது. பெரிய நயினார ஒரு வார்த்த கேட்டுக்கினு வா. நா பூட்டி வச்சிக்கினு நிக்கிறேன்" என்றார் முனிசாமி.

வீட்டுக்கு ஓடினேன். ஊர் பெரிய நயினார் என்று கூப்பிடும் மாமனார் சுமதிநாதன் ஜெபமாலையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. நான் சொன்னதையெல்லாம் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"முனிசாமி மாடு மிதிச்சா நாம மிதிக்கலன்னு ஆயிடுமாம்மா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவருக்குப் பாவக் கணக்கு, எனக்கு வருஷம் முழுக்கச் சோற்றுக் கவலை.

"உள்ள மொளச்சிக்கினு மூச்சு முட்டிக்கினு கெடக்குதே, அது உசுரு இல்லியா மாமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் நம்பிக்கையை எடுத்து அவரையே அடித்த மாதிரி இருந்தது. மாலையின் மணி ஒன்று நகர்ந்தது. அடுத்தது நகரவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். கேட்டாரா, ஒப்புக்கொண்டாரா, ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் போகும்போது ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு மேலே ஒரு முழம் ஏறிவிட்டது சூரியன். முனிசாமி வரப்பில் பல் வைத்த பலுகுச் சட்டத்தில் மாட்டைப் பூட்டி நின்றிருந்தார். மாமனார் அவரைப் பார்க்காமல் நிலத்தில் இறங்கி முட்டி போட்டு, நான் கிளப்பிய சில்லுக்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கிளப்பினார். அடியில் ஒரு முளை. அதை ஒட்டிச் சுருண்டு ஒரு மண்புழு. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலாலேயே மண்ணை உடைக்க ஆரம்பித்தார். ஒரு காணி நிலம். அவர் ஒரு சாண் உடைப்பதற்குள் என் முதுகில் வெயில் சுட்டது.

"இன்னாம்மா, எறக்கட்டுமா?" என்றார் முனிசாமி.

மாமனாரின் முதுகைப் பார்த்தேன். அது திரும்பவில்லை. அவர் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"எறக்குங்க அண்ணா."

கழுத்துமணி ஒலிக்க மாடு நிலத்தில் இறங்கியது. மாமனார் எழுந்தார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் மாட்டுக்கு முன்னால் போய்க் குனிந்துகொண்டார். ஒவ்வொரு அடிக்கும் சில்லைக் கிளப்பி, அடியில் கண்ட புழுவைப் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டே நடந்தார். முனிசாமி மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார். மாட்டின் மூச்சு கிழவரின் முதுகில் பட, அவர் நடைக்கு மாடும் நடந்தது. பின்னால் பலுகு கீறிய இடத்தில் மண் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. முன்னால் இருந்த நிலம் வெளுத்துக்கொண்டே வந்தது. இந்த நடைக்கு ஒன்பது மணிக்குள் பாதிகூட முடியாது. இரண்டாவது சாலில் அவர் கால் தடுமாறி, முழங்கையை ஊன்றி எழுந்தார்.

புழு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. முந்தானையை இடுப்பில் செருகி, மடியை விரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"நீங்க அந்தப் பக்கம் பாருங்க மாமா. இந்தப் பக்கம் நா பாக்குறேன்."

அவர் நிமிராமலே துண்டில் இருந்ததை என் மடியில் கொட்டினார். சில்லென்று ஈரம் துணியைத் தாண்டித் தொடையில் பட்டது. பின்னால் மாட்டின் மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.